தெத்துப்பல்லுக்கு லட்ச ரூபாயா?

தெத்துப்பல் அதிர்ஷ்டம் என்று பாட்டிமார் சொல்லிவந்த காலம் மலையேறிவிட்டது. பெண் பார்க்க வருகிறார்கள், வேலைக்கு நேர்முகத் தேர்வு இருக்கிறது என்றால், பல் டாக்டரைப் பார்த்துவிடலாமா என்ற பேச்சு பெருமாட்டி பஞ்சாயத்துத் தமிழ்க் குடும்பங்களிலும் எழுகிறது. கம்பியும் கிளிப்பும் வேண்டாம், கண்ணுக்கே தெரியாத உறை போதும் என்று கைபேசியில் விளம்பரம் வருகிறது. விலையைக் கேட்டதும்தான் திறந்த வாய் மூடிக்கொள்கிறது.

உலோகக் கிளிப்புக்குத் தனியாரிடம் பொதுவாக ரூ. 30,000 முதல் 60,000 வரை ஆகும். 'கிளியர் அலைனர்' எனப்படும் உறைகளோ ரூ. 50,000-க்குக் குறைவாகக் கிடைப்பது அரிது. பெயர்பெற்ற வெளிநாட்டு முத்திரை என்றால் 2 லட்சம், 3 லட்சம் என்று ஏறிக்கொண்டே போகும்.

உறை வெறும் பிளாஸ்டிக்தான். வாயை ஸ்கேன் செய்து, பற்கள் எப்படி நகர வேண்டும் என்பதைக் கணினியில் வகுத்து, படிப்படியாக இருபது, முப்பது உறைகள் செய்கிறார்கள். ஒவ்வோர் உறையும் பல்லைச் சுமார் கால் மில்லிமீட்டர் நகர்த்தும். அழுத்தம் படும் பக்கத்தில் எலும்பு கரைய, மறுபக்கத்தில் புது எலும்பு வளர்கிறது. ஆகவே அவசரம் உதவாது. ஓர் உறையை ஒன்றிரண்டு வாரம், நாளொன்றுக்கு 22 மணி நேரம் மாட்டியிருக்க வேண்டும். சூடான டீ குடிக்கும்போதெல்லாம் கழற்ற வேண்டும். வேலை நேரத்தில் ஐந்தாறு டீ குடிக்கும் நம்மவர்களுக்கு இது சின்ன நிபந்தனை அல்ல!

அமெரிக்காவின் அலைன் டெக்னாலஜி நிறுவனம் 1997-இல் தொடங்கப்பட்டு, 'இன்விசலைன்' உறைகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் மூலக் காப்புரிமைகள் சில 2017-இல் காலாவதியானதும் போட்டி பெருகியது. இந்திய நிறுவனங்களும் இறங்கின. மாதத் தவணையும் வந்தது.

தவணையில்தான் எச்சரிக்கை தேவை. டாக்டரை நேரில் பார்க்காமலே வீட்டுக்கு உறைகளை அனுப்பிவந்த ஸ்மைல் டைரக்ட் கிளப் என்ற அமெரிக்க நிறுவனம் 2023 செப்டம்பரில் திவால் மனு கொடுத்தது. டிசம்பரில் கடையை மூடியது. பாதி சிகிச்சையில் இருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். தவணையில் வாங்கியவர்கள் மீதிப் பணத்தைத் தொடர்ந்து கட்ட வேண்டும் என்றும் அந்நிறுவனம் அறிவித்தது.

ஆக, கொடுக்கும் பணம் பிளாஸ்டிக்குக்கு அல்ல; வேரையும் ஈறையும் எக்ஸ்ரேயில் பார்த்துத் திட்டம் போட்டு, இடையிடையே சரிபார்க்கும் டாக்டருக்கே. பி.டி.எஸ். முடித்தபின் மூன்றாண்டுகள் பல் சீரமைப்பையே தனியாகப் படித்த எம்.டி.எஸ். டாக்டரா என்று கேட்பதில் தவறில்லை. பற்கள் எதிர்பார்த்தபடி நகராவிட்டால் மறுபடி செய்யும் உறைகள் கட்டணத்தில் சேர்த்தியா என்பதும் முக்கியம். இன்று கஞ்சிக்கோட்டில் வேலை, அடுத்த ஆண்டு திருப்பூர் என்று இடம் மாறுபவர்கள் இன்னொன்றும் யோசிக்க வேண்டும். சிகிச்சை ஒன்றரை, இரண்டு வருடம் இழுக்கும். நடுவில் டாக்டரை மாற்றினால் புதியவர் புதிதாகக் கணக்குப் போடுவார்.

இந்த வட்டாரத்துக்கே உரிய சங்கதியும் உண்டு. பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கே சில இடங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. பல் உருவாகும் சிறு வயதில் அந்த நீரைக் குடித்தவர்களுக்குப் பல்லில் வெண்புள்ளியும் பழுப்புக் கறையும் விழும். உறை போட்டால் வரிசை நேராகுமே தவிர, கறை போகாது. அத்தகைய பல்லில் கிளிப்பை ஒட்டவைப்பதும் சற்றுச் சிரமம். கறைதான் மனக்குறை என்றால், அதற்கான சிகிச்சை வேறு, செலவும் வேறு.

திருச்சூர், கோழிக்கோடு அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகளில் கிளிப் சிகிச்சை தனியாரைவிடக் குறைந்த செலவில் முடியும். ஆனால் காத்திருக்க வேண்டும். கிளிப்பை முறுக்க மாதந்தோறும் போக வேண்டும். பஸ் செலவோடு ஒரு நாள் கூலியையும் கூட்டிப் பார்த்தால்தான் சரியான கணக்கு வரும். உறைக்கு இத்தனை முறை போக வேண்டியதில்லை என்பது உண்மையே.

கிளிப்பானாலும் உறையானாலும், முடிந்தபின் பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்க 'ரிடெய்னர்' என்ற தட்டை இரவில் பல ஆண்டுகள் மாட்ட வேண்டும். தேய்ந்தால் புதிதாக வாங்க வேண்டும். விளம்பரத்தில் காட்டும் தொகையில் பெரும்பாலும் இது சேராது. முன்பணம் கட்டும் நாளிலேயே இதன் விலையையும் கேட்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.