மனோன்மணீயம் காட்டும் இருவகை நட்பு

நாஞ்சில் நாட்டு உரிமையைப் போருக்குக் காரணமாகக் கொண்டு எழுந்த நாடகக் காப்பியம் 'மனோன்மணீயம்'. 5 அங்கங்களும் 20 களங்களும் கொண்ட இந்நூலைப் பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்டார். தமிழ்த்தாய் வாழ்த்து இதன் பாயிரத்தினின்று எடுக்கப்பட்டதென்பதைப் பலரும் அறிவர். மெய்ந்நட்பையும் பொய்ந்நட்பையும் இந்நூல் எதிரெதிரே நிறுத்திக் காட்டுவதோ போதிய அளவு பேசப்படவில்லை.

பாண்டியன் சீவகன் தீயவனல்லன், எளிதில் நம்புபவன். அமைச்சன் குடிலன் அவன் செவிக்கு இனியவற்றையே கூறி, அரசைக் கவரக் காலம் பார்க்கிறான். மன்னன் மகளுக்குச் சேரனை மணம் பேச வேண்டிய தூது, குடிலனின் சூழ்ச்சியால் நாஞ்சில் நாட்டைக் கேட்கும் பூசலாகிப் போரில் முடிகிறது.

மறுபுறம் நிற்பவன் நாராயணன். மூக்கில் கரி பூசி வந்து, புறத்தே செம்மையும் மூக்கில் கருமையும் உடைய குன்றிமணியைப் பற்றிய குறளை அவன் குறிப்பால் உணர்த்துகிறான். மன்னன் அதனை வேடிக்கையெனக் கொள்கிறான். போரில் மன்னனைக் காத்த அவன்மீதே குடிலன் பழி சுமத்த, மன்னன் அதனையும் நம்புகிறான். ஈற்றில் சுரங்க வழியைப் பகைவனுக்குக் காட்டச் சென்ற குடிலனைச் சேரனே விலங்கிடுகிறான்.

சேக்சுபியரின் 'ஒதெல்லோ'வை நாம் இங்கு நினையாதிருக்க இயலாது. அங்கும் இயாகோவை 'நேர்மையாளன்' என்றே ஒதெல்லோ நம்புகிறான். எமிலியா உண்மையை உரைக்கும்போது டெசுடிமோனாவின் உயிர் போய்விட்டது. சீவகனுக்கு உண்மை காலத்தே வெளிப்பட்டது. அதனால் இந்நாடகம் மங்கலமாய் முடிந்தது. இருவர் பிழையும் ஒன்றே: நட்பைச் சொல்லின் இனிமையால் அளந்தமை.

வள்ளுவர் நட்பைப் பற்றி 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரங்கள் வகுத்தார். 'நட்பு' என்பதை அடுத்தே 'நட்பாராய்தல்' நிற்பது கருதத்தக்கது. நல்ல தோழனைக் கத்தூரி விற்பவனுக்கும் தீய தோழனைக் கொல்லனின் துருத்தி ஊதுபவனுக்கும் ஒப்பிட்ட நபிமொழியும் இவ்வாராய்ச்சியையே வேண்டுகிறது.

நம் தவற்றை நம் முகத்துக்கு நேரே சொல்லி, அதனால் தனக்கு வரும் இழப்பையும் ஏற்பவன் எவனோ, அவனே நண்பன். சீவகன் அவையில் அத்தகையவன் ஒருவன் இருந்தான். மன்னன்தான் அவனை அறியவில்லை. நம் அவையில் இருப்பவனை நாம் அறிந்திருக்கிறோமா?