இஞ்சினீயர் பட்டமும் கல்விக் கடனும்

ஆண்டுதோறும் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையின் முடிவுகள் வெளியானதும், தமிழ்நாட்டில் பல்லாயிரம் குடும்பங்களில் பிள்ளையை இஞ்சினீயரிங் கலாசாலையில் சேர்ப்பதா, சேர்ப்பதாயின் பணத்துக்கு வழியென்ன என்ற கேள்வி எழுகின்றது. நிலத்தை விற்பதும் நகையை அடகு வைப்பதும் முன்னைய வழக்கம். 2001-ஆம் ஆண்டு முதல் பாங்குகள் ஒரு பொதுத் திட்டத்தின்கீழ்க் கல்விக் கடன் வழங்கி வருகின்றன. இதனால் ஏழை வீட்டுப் பிள்ளைகள் பலர் பட்டதாரிகளாயினர் என்பதை மறுப்பாரில்லை. ஆயினும், சிவில் இஞ்சினீயரிங் பட்டத்தின் பொருட்டு எவ்வளவு கடன்படலாம் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போர் மிகச் சிலரே. அக்கணக்கை நேயர்கள்முன் வைப்பது நமது கடமையென்று கருதுகிறோம்.

ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாயாக, நான்காண்டுகளில் 4 லட்சம் ரூபாயை நூற்றுக்குப் பத்து வட்டிக்கு ஒருவர் பெறுவதாகக் கொள்வோம். படிக்கும் காலத்திலும் அதன்மேல் ஓராண்டும் தவணை கட்ட வேண்டுவதில்லை. ஆனால் வட்டி வளர்ந்துகொண்டே இருக்கும். தனிவட்டியாகக் கணக்கிட்டாலும், முதல் லட்சத்துக்கு ஐந்தாண்டும், அடுத்தடுத்த லட்சங்களுக்கு முறையே நான்கு, மூன்று, இரண்டு ஆண்டுகளுமாக வட்டி 1,40,000 ரூபாயாகிறது. ஆகவே தவணை தொடங்கும் நாளில் கடன் 5,40,000 ரூபாய். இதனைப் பத்தாண்டில் தீர்க்க மாதம் 7,100 ரூபாய்க்குச் சற்று மேற்படும். பதினைந்தாண்டாயின் 5,800 ரூபாய். பின்னது இலேசானதென்று மயங்குவோர், முன்னதில் மொத்தம் 8½ லட்சமும் பின்னதில் ஏறக்குறைய 10½ லட்சமும் பாங்குக்குச் செல்வதை அறிவார்களாக.

இனி, வரவைப் பார்ப்போம். மாதம் 40,000 ரூபாய் பெறுவோனுக்கு 7,100 ரூபாய் என்பது சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 15,000 ரூபாய் பெறுவோனுக்கோ ஏறக்குறையப் பாதி. பெற்றோர் பெரும்பாலும் தம் மனத்தில் கொள்வது முதல்வகைச் சம்பளத்தையே. தமிழ்நாட்டு சர்க்காரில் உதவி இஞ்சினீயருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 37,700 ரூபாய் என்று ஏழாம் சம்பளக் கமிஷனை ஒட்டி வகுக்கப்பட்டது மெய்யே. ஆனால் அவ்வுத்தியோகங்கள் சில. அவற்றை நாடுவோர் பலர். எஞ்சியோர் கண்டிராக்டர்களிடம் வேலை செய்யும் வாலிபர்களே. இத்தொழிலுக்கு ஓர் இயல்பு உண்டு. மண்ணின் தன்மையும், கம்பி கட்டும் முறையும், கான்கிரீட்டின் பக்குவமும், அளவுப் புத்தகம் எழுதும் திறமும் கட்டட வேலை நடக்குமிடத்தில் நின்றே கைவர வேண்டும். அனுபவம் முதிர்ந்த பின்னரே சம்பளம் உயர்கிறது. கடனோ அனுபவத்துக்காகக் காத்திருப்பதில்லை. சம்பளம் மிகக் குறைந்திருக்கும் ஆண்டுகளிலேயே முழுத் தவணையும் கேட்கிறது. தவணைக்கு அஞ்சி, கற்ற தொழிலைக் கைவிட்டுக் கம்ப்யூட்டர் கம்பெனிகளை நாடுவோர் பலர். நான்காண்டுப் பயிற்சி நாட்டுக்கு வீணாவதும் இவ்வாறே.

சட்டத்தின் நிலையையும் மறத்தலாகாது. இக்கடன் பத்திரத்தில் தந்தையோ தாயோ கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திடுகின்றனர். இதை வெறும் சாட்சிக் கையெழுத்தென்று கருதுவோர் ஏமாறுவர். பிள்ளை கட்டத் தவறினால், பாங்கு முழுத் தொகைக்கும் பெற்றோரையே நேரே தொடரலாம். வருமான வரியில் இவ்வட்டிக்குக் கழிவு உண்டு என்று ஆறுதல் கூறுவாருமுளர். மாதம் 15,000 ரூபாய் பெறுவோன் வரியே கட்டுவதில்லை. அவனுக்கு அக்கழிவால் யாது பயன்?

ஆதலின் பட்டமே வேண்டாமென்பது நமது கருத்தன்று. கடனைச் சுருக்குக என்பதே. முதற்பட்டதாரிகளுக்கு 2010 முதல் கிடைக்கும் கட்டணச் சலுகையும், சர்க்கார் பள்ளி மாணவர்க்கு 2021 முதல் உள்ள 7.5 சதவீத ஒதுக்கீடும் கலந்தாய்வு வழியே சேர்வோர்க்கே உரியன. ஆண்டு வருமானம் 4½ லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்தார், படிப்புக் கால வட்டியை மத்திய சர்க்கார் ஏற்கும் திட்டத்தைக் கேட்டுப் பெறுக. அதற்குட்படாதோர், முதலாண்டில் மாதம் 833 ரூபாய், அடுத்த ஆண்டில் 1,667 ரூபாய் என்று வட்டியை அவ்வப்போதே கட்டிவரின், பத்தாண்டுத் தவணை 5,300 ரூபாய்க்குள் அடங்கும். பத்தாம் வகுப்பு முடித்தோர்க்கு மற்றொரு வழியுமுண்டு. மூன்றாண்டு பாலிடெக்னிக் படிப்பின்பின் இஞ்சினீயரிங் கலாசாலையில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். பத்தாம் வகுப்புக்குமேல் இரு வழியிலும் ஆறே ஆண்டுகள். ஆனால் இவ்வழியில் கலாசாலைச் செலவு ஓராண்டு குறைவு. இடையே கையில் ஒரு தொழிலும் உண்டு. கலாசாலையாரிடம், ‘அதிகச் சம்பளம் எவ்வளவு?’ என்று கேட்பது பயனற்றது. ‘சென்ற ஆண்டு சிவில் பிரிவில் தேறியோர் எத்தனை பேர், எவ்வேலையில், என்ன சம்பளத்தில் அமர்ந்தனர்?’ என்று கேட்பதே முறை.

நிற்க. குடும்பங்களுக்குப் புத்தி கூறுவதோடு பொறுப்புத் தீர்ந்துவிடாது. கிண்டி கலாசாலைக்கு மூலமான 1794-ஆம் ஆண்டின் சர்வே பள்ளியும், கங்கைக் கால்வாய் வேலையை ஒட்டி 1847-ல் ரூர்க்கியில் எழுந்த கலாசாலையும், ஆளுவோர் தமக்கு வேண்டிய ஆட்களைத் தாமே பயிற்ற ஏற்படுத்தியவை. விசுவேசுவரய்யா புனாவில் இஞ்சினீயரிங் பயின்றது மைசூர் சமஸ்தானத்தின் உபகாரச் சம்பளத்தால். 1909-ல் அவர் அச்சமஸ்தானத்தின் தலைமை இஞ்சினீயரானார். கிருஷ்ணராஜ சாகர அணை எழுந்தது. கொடுத்த பணம் எத்தனை மடங்காகத் திரும்பிற்று என்பதைக் காவிரிப் பாசனம் அறியும்.

பாலமும் மதகும் சாலையும் பொதுமக்களின் சொத்து. அவற்றைக் கட்டும் அறிவை மட்டும் ஏழைத் தந்தையின் தனிக்கடனாக விடுவது நியாயமாகுமா? ஆஸ்திரேலியாவில் 1989 முதல், வருமானம் ஓர் அளவைக் கடந்த பின்னரே படிப்புக் கடனை வரியோடு வசூலிக்கும் முறை நடைபெறுகிறது. அம்முறையை நமது நாட்டுக்கேற்பத் திருத்தி அமைப்பது ஆகாத காரியமன்று. தவணை சம்பளத்தைப் பின்பற்ற வேண்டுமேயன்றி, சம்பளம் தவணைக்கு அடிமையாதல் கூடாது. சட்டசபைகளிலும் பாராளுமன்றத்திலும் உள்ள நமது பிரதிநிதிகளைத் தேசத் தொண்டர்கள் இது விஷயமாக விடாது நெருக்குவார்களாக.