மேரி ரோஸ் மாலுமியின் சீப்பு

1545 ஜூலை 19 அன்று, இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் போர்க்கப்பல் மேரி ரோஸ், பிரெஞ்சுக் கடற்படையோடு மோதுகையில் போர்ட்ஸ்மவுத் அருகே மூழ்கியது. ஏறக்குறைய 500 பேரில் பிழைத்தவர்கள் மிகச் சிலரே. 1982இல் கப்பலின் எஞ்சிய உடற்பகுதி மேலே தூக்கப்பட்டது.

அந்தக் கப்பலில் கிடைத்த இந்த மரச்சீப்பைக் குனிந்து பாருங்கள். ஒருபுறம் சிக்கெடுக்க அகலப் பற்கள். மறுபுறம் பேனும் ஈரும் வார நெருக்கமான பற்கள். நம் வீட்டுப் பேன்சீப்பேதான்! கப்பலில் கிடைத்த சீப்புகள் எண்பதுக்கும் மேல். சிலவற்றில் பேன்கள்கூட அப்படியே இருந்தன. காற்றுப் புகாத கடலடிச் சேறுதான் மரத்தை மக்கவிடாமல் காத்தது.

கப்பலின் பீரங்கிகள் மன்னருடையவை. இந்தச் சீப்பு, நமக்குப் பெயர் தெரியாத ஒருவரின் சொந்தப் பொருள். அவர் கரை திரும்பியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

வெளிச்சம் பழைய மரத்தை மெல்ல மெல்லக் கெடுக்கும். ஃபிளாஷ் போட்டுப் படமெடுக்க வேண்டாம்.