நடப்பவருக்கும் உரியது சாலை

சண்டிகரின் சாலைகளைக் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே 7 வகையாகப் பிரித்தார். நகருக்குள் வரும் பெருஞ்சாலை வி1, செக்டார் எனும் குடியிருப்புப் பகுதிகளைச் சுற்றி ஓடும் விரைவுச் சாலை வி3, கடைத்தெரு வி4, பசுமைப் பட்டைகளின் ஊடே நடைபாதை வி7. சைக்கிளுக்கான வி8 பின்னர் சேர்ந்தது. செக்டார் ஒன்றின் அளவு 800 மீட்டருக்கு 1,200 மீட்டர். பள்ளி, கடை, பூங்கா எல்லாம் அதற்குள்ளேயே. வி3 சாலையைப் பார்த்து வீட்டு வாசல்கள் வைக்கப்படவில்லை. இரைச்சலும் புகையும் வீடுகளை எட்டாமல் இருக்க நல்ல ஏற்பாடு இது.

ஆனால் வேலைக்கும் மருத்துவமனைக்கும் போகிறவர் அடுத்த செக்டாருக்கு வி3ஐக் கடந்தே ஆக வேண்டும். நேரான, அகலமான சாலை ஓட்டுநரை வேகமெடுக்கத் தூண்டும். சிக்னல் இல்லாத ரவுண்டானாவில் வண்டிகள் நிற்காமல் சுழன்றுகொண்டே இருப்பதால், முதியவருக்குக் கடக்க இடைவெளியே கிடைப்பதில்லை. வேகம் 50 கிலோமீட்டரிலிருந்து 65 ஆனால், கார் மோதி நடப்பவர் இறக்கும் அபாயம் நாலரை மடங்காகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். இத்தனை உயிர்களையும் கவனக்குறைவின் கணக்கில் எழுதிவிடுவது நியாயமல்ல. சாலையின் அமைப்புக்கும் இதில் பங்கு உண்டு.

கோவை எலும்பு சிகிச்சை நிபுணர் எஸ்.ராஜசீகரன் 2012இல் தொடர்ந்த வழக்கில், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் கூறியது. மாற்றுத்திறனாளிகளுக்கும் நடைபாதை ஏற்றதாக இருக்க வேண்டும், ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட வேண்டும் என்பதும் அந்த உத்தரவில் உண்டு. சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி, தடையின்றி நடக்க 1.8 மீட்டர் அகலமாவது வேண்டும். விளிம்புக்கல்லின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. டிரான்ஸ்பார்மரும் நிறுத்திவைத்த பைக்குகளும் போக எஞ்சும் அகலத்தை ஒரு டேப்பால் அளந்தாலே நிலைமை தெரிந்துவிடும்.

குறை கண்டவர்கள் இடம், அளவு, தேதியிட்ட படம் ஆகியவற்றோடு உள்ளாட்சி அமைப்புக்கு மனு கொடுக்கலாம். பதில் வராவிட்டால், அந்தச் சாலையின் வரைபடத்தையும் பராமரிப்பு ஒப்பந்தத்தையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பதிலுக்குப் பொதுவான காலக்கெடு 30 நாள். சக்கர நாற்காலி ஏற வழியில்லை என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம். வடிவமைப்புத் தரத்தை மீறியதால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகார அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. 2019இல் சேர்க்கப்பட்ட இந்தப் பிரிவு பலருக்குத் தெரியாமலே கிடக்கிறது. மோதிவிட்டு நிற்காமல் போன வண்டி எதுவென்று தெரியாவிட்டாலும், உயிரிழப்புக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் இழப்பீடு உண்டு. எதற்கும் வழி பிறக்காதபோது உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். அதற்காகவே, மனு கொடுத்த அன்றே ஒப்புகைச் சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும்.