செல்ஃப் சுற்றுகிறது, வண்டி ஏன் கிளம்பவில்லை?

சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் பற்றிக்கொள்ள மாட்டேன் என்கிறது. பழைய அம்பாசடர், பத்மினி, மாருதி 800 வைத்திருக்கும் எவருக்கும் பழகிய தலைவலி இது. உடனே பேட்டரியை மாற்றுவார்கள். அதற்கும் மசியாவிட்டால் பிளக், காயில் என்று ஒவ்வொன்றாக வாங்கி மாட்டுவார்கள். அதற்கெல்லாம் முன்னால் காதும் மூக்கும் சொல்வதைக் கேட்டாலே பாதி துப்பு துலங்கிவிடும்.

பெட்ரோல் எஞ்சின் ஓட மூன்று வேண்டும்: பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை, அதை நெருக்கும் அழுத்தம், சரியான நொடியில் ஒரு தீப்பொறி. செல்ஃப் மோட்டார் இவற்றில் எதையும் தருவதில்லை. எஞ்சினைச் சுற்றிவிடுவதோடு அதன் வேலை முடிந்தது. ஆனால் பேட்டரி மட்டும் செல்ஃபுக்கும் தீப்பொறிக்கும் பொது. 1910 மாடல் காடிலாக் காருக்குப் பேட்டரி இக்னிஷனையும், 1912 மாடலுக்கு மின்சார ஸ்டார்ட்டரையும் உருவாக்கித் தந்தவர் ஒருவரே, அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங். அன்றுமுதல் இரண்டும் ஒரே பேட்டரியில் பங்கு கேட்கின்றன. ஸ்டார்ட்டர் நூறு ஆம்பியருக்குக் குறையாமல் இழுக்கும்போது, 12 வோல்ட் பேட்டரி 10 வோல்ட் வரை இறங்கும். தளர்ந்த பேட்டரியோ அதற்கும் கீழே போய், எஞ்சினைச் சோம்பலாகச் சுற்றிவிட்டு, தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயிலைப் பட்டினி போட்டுவிடும்.

ஆகவே முதலில் சத்தம். இழுத்து இழுத்துச் சுற்றினால் பேட்டரியையும் அதன் டெர்மினல்களையும் பாருங்கள். வழக்கமான வேகத்தில், சீரான துடிப்போடு சுற்றினால் அழுத்தம் ஓரளவு இருக்கிறது என்று பொருள். துடிப்பே இல்லாமல், வழக்கத்தைவிட வேகமாக வழுக்கிக்கொண்டு சுற்றினால் மாருதி 800 போன்ற வண்டிகளில் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அழைப்பதே நல்லது.

அடுத்தது வாசனை. நாலைந்து தடவை சுற்றியபின் பெட்ரோல் நெடி தூக்கலாக அடித்தால், பெட்ரோல் வருகிறது, பற்றத்தான் இல்லை. ஓவர்ஃப்ளோ ஆகி பிளக் நனைந்திருக்கவும் கூடும். கார்புரேட்டர் வண்டியானால் சோக்கை உள்ளே தள்ளி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடியே சுற்றினால் கூடுதல் காற்று புகுந்து ஈரத்தை விரட்டும். நெடியே இல்லையென்றால் சந்தேகம் டேங்க்குக்கும் கார்புரேட்டருக்கும் இடையே திரும்புகிறது.

இனிதான் ஸ்பேனர். ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் ஒயரிலேயே மாட்டி, பிளக்கின் மரை எஞ்சினின் இரும்பில் படும்படி வைத்து, இன்னொருவரைச் சுற்றச் சொல்லுங்கள். காயில் தருவது பல ஆயிரம் வோல்ட். ஒயரை வெறும் கையால் பிடிக்கக் கூடாது. பெட்ரோல் சிந்தியிருந்தாலோ, நெடி அடங்காமல் இருந்தாலோ இந்தச் சோதனையே வேண்டாம். சடசடவென்று நீலப் பொறி வந்தால் இக்னிஷன் பக்கம் பெரும்பாலும் தப்பித்தது. மெலிந்த மஞ்சள் பொறி வந்தாலோ, ஒன்றுமே வராவிட்டாலோ சி.பி. பாயிண்ட், கண்டென்சர், ரோட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி என்று வரிசையாகப் போக வேண்டும்.

பெட்ரோலைச் சோதிக்க, இக்னிஷனை அணைத்து ஏர் ஃபில்டரைத் திறந்து, கார்புரேட்டரின் வாய்க்குள் பார்த்தபடி ஆக்ஸிலரேட்டர் கம்பியைக் கையால் இழுங்கள். மெல்லிய தாரையாகப் பெட்ரோல் பீய்ச்சினால் கார்புரேட்டரின் தொட்டியில் சரக்கு இருக்கிறது. ஊசியாகப் பாய்ச்சும் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் இந்த வழி கிடையாது. சாவியை ‘ஆன்’ வரை திருப்பினால் டேங்க் பக்கம் இரண்டு நொடி ‘உய்ங்’ என்ற பம்ப்பின் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஃபியூஸ், ரிலே, பம்ப் என்று தேடலாம்.

சென்னையை அடுத்த படூரில் இந்தத் தேடலுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. கிழக்கே சில கிலோமீட்டரில் கோவளம் கடல், நடுவே உப்பங்கழி. உப்பும் ஈரமும் கலந்த காற்று செம்பைப் பச்சையாகப் பூக்க வைக்கும், இரும்பைத் துருவாக்கும். எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டை, காயில் முனைகள், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உள்பக்கப் பித்தளைப் பொட்டுகள் ஆகியவைதான் முதல் பலி. ஐப்பசி, கார்த்திகை மழையில் பழைய மாமல்லபுரம் சாலையில் தேங்கிய நீரைக் கிழித்து ஓட்டிய மறுநாள், மூடிக்குள் கோத்த ஈரத்தில் பொறி பிளக்குக்குப் போகாமல் வழியிலேயே கசிந்துவிடும். மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்தாலே பல வண்டிகள் கிளம்பிவிடும்.

கோடைக்கு வேறு கதை. கத்திரி வெயிலில் நெரிசலில் நின்று ஊர்ந்த பத்மினியின் மெக்கானிக்கல் பம்ப் சூடேறி, பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும்; பம்ப் ஆவியைத் தள்ளத் தெரியாமல் திணறும். பம்ப்பின் மேல் ஈரத்துணி போடும் பழைய டிரைவர்களின் வைத்தியம் அறிவியல்படியும் சரியே. இப்போது எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோலும் சேர்ந்துகொண்டது. எத்தனால் நீரை ஈர்க்கும், பழைய ரப்பர் குழாயை ஊறவைக்கும், டேங்க்கில் படிந்த அழுக்கைக் கரைத்து ஃபில்டரில் சேர்க்கும். அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில் மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும் வண்டிக்கு இது கூடுதல் தொல்லை.

அம்பாசடர், பத்மினி, வண்டலூரில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையின் ஹெரால்டு என எதை எடுத்தாலும் இந்த வரிசை மாறாது. செல்ஃபைப் பத்து நொடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காதீர்கள். அரை நிமிடமாவது ஆறவிட்டு மறுபடி முயலுங்கள்.

புதுக் காயில் மாட்டியதும் வண்டி கிளம்பிவிட்டதா? பழையதைத் தூக்கி எறிய அவசரப்படாதீர்கள். கடலோர ஊரில், கழற்றி மாட்டும்போதே முனையிலிருந்த துரு உதிர்ந்து இணைப்பு சரியாகியிருக்கலாம். பழைய காயிலையே ஒருமுறை திரும்ப மாட்டிப் பாருங்கள். அதிலும் ஓடினால், மாற்ற வேண்டியிருந்தது காயில் அல்ல. உப்புத்தாள் கொண்டு தேய்த்திருந்தால் போதும்.