மெலிவும் பருமனும்: ஊவாத் தோட்டச் சிறுவரின் உடலும் உள்ளமும் பற்றிய ஒரு நோக்கு

சிறுவர் உடற்பருமன் என்னும் பொருளை ஊவாத் தோட்டப்புறங்களை முன்னிறுத்தி ஆராய்வது முதற்பார்வையில் முரணாகத் தோன்றலாம். பதுளை, பசறை, லுணுகலை, மடூல்சீமை, ஹாலி-எல, தெமோதரை, ஹப்புத்தளை ஆகிய பகுதிகளின் தோட்டங்களைப் பற்றிப் பேசியோர் காலங்காலமாகப் பேசிவந்தவை பசியும் மெலிவும் இரத்தசோகையுமே. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2016இல் நடத்திய குடித்தொகை, சுகாதார ஆய்வும் இதனையே உறுதிசெய்தது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமின்றிக் குறுகியோர் நாடு முழுவதும் 17 சதவீதம். தோட்டத்துறையில் 32 சதவீதம். அவ்வயதினருள் மிகைநிறை உடையோரோ நாடளாவிய நிலையிலும் 2 சதவீதத்தினரே.

அவ்வாறாயின் பருமனைப் பற்றிப் பேசவேண்டிய தேவை யாது? மெலிவு வறியவரின் நோய், பருமன் செல்வரின் நோய் எனப் பிரித்து நோக்கும் பழக்கம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. இப்பிரிவினை பிழையானது என்பதும், இரண்டும் ஒரே சமூக வரலாற்றின் இரு விளைவுகளாக ஒரே வீட்டில், சிலவேளை ஒரே உடலிலேயே, அடுத்தடுத்துத் தோன்றக்கூடியவை என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

1. உடலின் மீதான விளைவுகள்

கிலோகிராமிற் கணித்த நிறையை மீற்றரிற் கணித்த உயரத்தின் வர்க்கத்தாற் பிரித்துப் பெறுவது உடற்றிணிவுச் சுட்டெண் ஆகும். வளர்ந்தோருக்குப் போலச் சிறுவருக்கு இதில் ஒரே எல்லை வகுத்தல் இயலாது. வயதுக்கும் பாலுக்கும் உரிய வளர்ச்சி வரைபோடு ஒப்பிட்டே முடிவு காணவேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 2022இல் 5 முதல் 19 வயது வரையிலானோருள் 39 கோடிக்கு மேற்பட்டோர் மிகைநிறையுடையோர். அவர்களுள் 16 கோடிப்பேர் பருமன் நிலையை அடைந்தோர். 1990இல் இவ்வயதினருள் 8 சதவீதமாயிருந்த மிகைநிறை 2022இல் 20 சதவீதமாயிற்று. முப்பத்திரண்டு ஆண்டுகளில் மனித குலத்தின் மரபணு மாறிவிடவில்லை. மாறியது உணவின் உற்பத்தியும் விற்பனையும் வாழ்க்கை முறையுமே.

மிகையான கொழுப்பு உடலில் வாளா கிடப்பதன்று. அது இன்சுலினின் தொழிற்பாட்டைத் தடைப்படுத்துகின்றது. ஈடுசெய்யக் கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து ஈற்றிற் களைத்துப்போகின்றது. முன்னர் நடுவயதினரின் நோயாகக் கருதப்பட்ட இரண்டாம் வகை நீரிழிவு பதின்ம வயதினரிடம் தோன்றுவது இதனாலேயே. ஈரலிற் கொழுப்புப் படிதல், உயர் குருதியமுக்கம், உறக்கத்தில் மூச்சுத் தடைப்படல், இடுப்பு முழங்கால் மூட்டுகளிற் சிதைவு, பெண்பிள்ளைகள் உரிய காலத்துக்கு முன்னரே பூப்பெய்துதல் ஆகியனவும் இதனோடு தொடர்புடையன. இன்சுலின் எதிர்ப்பின் வெளி அடையாளமாகக் கழுத்தின் பிற்புறத்திலும் கமக்கட்டிலும் தோல் கறுத்துத் தடிக்கும். அதனை அழுக்கென எண்ணிப் பிள்ளையின் கழுத்தைத் தாய் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவதும், வகுப்பிற் பிறர் அருவருப்பதும் உண்டு. தேய்ப்பதனால் அது நீங்காது. அது நோயின் குறி, துப்புரவின்மையின் குறியன்று.

2. கருவிலேயே எழுதப்படும் வரலாறு

1944-45 பனிக்காலத்தில் ஜெர்மனிய ஆக்கிரமிப்பின் கீழ் ஒல்லாந்தின் மேற்குப் பகுதி பட்டினியில் ஆழ்ந்தது. அக்காலத்திற் கருவிலிருந்து பின்னர் பத்தொன்பது வயதில் இராணுவப் பரிசோதனைக்கு வந்த இளைஞரைப் பற்றிய ஆய்வொன்று 1976இல் வெளியாயிற்று. கருப்பத்தின் முற்பாதியில் தாய் பட்டினி கிடந்தோரிடையே பருமன் கூடுதலாகக் காணப்பட்டது. பசியிற் கருக்கொண்ட உடல், பசி நிறைந்த உலகையே எதிர்பார்த்துத் தன்னை அமைத்துக்கொள்கின்றது என்பதே இதற்குத் தரப்படும் விளக்கம். பூனே நகரின் வைத்தியர் யாஜ்னிக்கும் அவரது குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு மேலும் அண்மித்தது. அப்பகுதிக் கிராமங்களிற் பிறந்த குழந்தைகளின் சராசரி நிறை 2.7 கிலோகிராம், இங்கிலாந்தின் சவுதாம்டனிற் பிறந்தோருடையது 3.5 கிலோகிராம். இந்தியக் குழந்தைகளில் தசை வெகுவாகக் குறைந்திருந்தது. தோலடிக் கொழுப்போ அவ்வளவாகக் குறையவில்லை. மெலிந்து தோன்றும் உடலினுள்ளேயே கொழுப்பு காக்கப்பட்டிருந்தது. பிரேசிலின் சாவோ பவுலோ நகரச் சேரிகளில், உயரங்குன்றிய சிறுவரின் உடல் கொழுப்பை எரித்துச் சக்தியாக்கும் திறன் குறைந்திருந்ததை 2000இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

இம்மூன்றையும் இணைத்து நோக்கின் ஊவாவின் நிலை தெளிவாகும். கருப்பந்தாங்கிய நிலையிலும் சரிவில் ஏறிக் கொழுந்து பறிக்கும் தாய், நிறைகுறைந்த மகவை ஈனுகின்றாள். பிள்ளை மடுவத்தில் விடப்படும் அம்மகவு உயரங்குன்றி வளர்கின்றது. பின்னர் மாவும் சீனியும் எண்ணெயும் மலிவாகக் கிடைக்கும் சூழலை அடையுமிடத்து, சேமிக்கப் பழகிய உடல் சேமித்தே தீரும். எனவே 2016இற் கண்ட 32 சதவீதக் குறுகல், நாளைய நீரிழிவின் முன்னறிவிப்பாகவும் வாசிக்கப்படவேண்டியது.

3. தேயிலையும் சீனியும்

இதன் பொருளாதார அடிப்படை யாது? சிட்னி மின்ட்ஸ் 1985இல் வெளியிட்ட சீனி பற்றிய நூலில் ஓர் உண்மையை விளக்கினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலத் தொழிலாளரின் சமைத்த உணவின் இடத்தைச் சீனியிட்ட தேநீரும் பாணும் பிடித்தன. அவை மலிவானவை, விரைவிற் சக்தி தருவன, ஆலைநேரத்தைத் தின்னாதன. அத்தேநீரின் தேயிலையை வழங்கிய மலைகளுள் ஊவாவும் ஒன்று. 1924இற் பதுளையை எட்டிய புகையிரதப் பாதை தேயிலையைக் கீழே கொண்டுசென்றது. அரிசியையும் மாவையும் மேலே கொண்டுவந்தது. ஆங்கிலத் தொழிலாளியின் உணவை மாற்றிய அதே தர்க்கம், தேயிலை பறித்தவரின் உணவையும் மாற்றிற்று. விடியற்காலையிற் பெரட்டுக்குச் செல்பவருக்குச் சமைப்பதற்கு நேரமில்லை. ரொட்டியும் சீனியிட்ட சாயத்தேநீருமே கைகொடுத்தன.

இவ்வுணவைத் தொழிலாளர் விரும்பித் தெரிந்தனர் என்பது வரலாற்றை மறைப்பதாகும். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராக்கப்பட்ட இம்மக்கள், பயிரிடுவதற்குச் சொந்த நிலமின்றிக் கடையையே நம்பி வாழ்ந்தனர். எனவேதான் 1973-74 உணவு நெருக்கடியின் போது தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. 1975இல் கம்பனித் தோட்டங்கள் தேசியமயமாயின. 1992இல் அவற்றின் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. உடைமை கைமாறியது; உணவுத்தட்டு பெரிதும் மாறவில்லை. நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. இவ்விரண்டிற்கும் இடையே, 2022 செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 95 சதவீதத்தை அண்மித்திருந்தது. அத்தகைய காலத்திற் குடும்பம் முதலிற் கைவிடுவது மீன், முட்டை, பால், பழம், கீரை ஆகியனவற்றையே; ஈற்றிற் கைவிடுவது மாவையும் சீனியையும். தோட்டச் சந்திக் கடையிலே தொங்கும் வண்ணப் பொதிகள் இவ்வெற்றிடத்தையே நிரப்புகின்றன. வயிறு நிறைகின்றது, உடல் ஊட்டம் பெறுவதில்லை. ஏங்கல்ஸ் 1845இல் ஆங்கிலத் தொழிலாளருக்கு விற்கப்பட்ட கலப்பட உணவைப் பற்றி எழுதினார். இன்றைய பொதி உணவு சட்டத்திற்கு முரணானதன்று, முத்திரை பெற்றது. வேறுபாடு அவ்வளவே.

பானங்களின் சீனி அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களாற் குறிக்கும் விதி 2016இலும், சீனி கலந்த பானங்கள் மீதான வரி 2017இலும் இலங்கையில் நடைமுறைக்கு வந்தன. இவை வரவேற்கத்தக்கன. ஆயினும் சிவப்பு நிறம் எச்சரிக்க இயலுமேயன்றி, முட்டை வாங்கக் காசு தர இயலாது.

4. உள்ளத்தின் மீதான விளைவுகள்

அமெரிக்கச் சிறுவரிடையே நடத்தப்பட்டு 1961இல் வெளியான ஆய்வொன்றில் ஆறு படங்கள் காட்டப்பட்டன. குறைபாடற்ற பிள்ளை, ஊன்றுகோலுடன் நிற்பது, சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பது, கையிழந்தது, முகம் சிதைந்தது, பருத்தது என்பன அவை. விருப்பத்தின்படி வரிசைப்படுத்துமாறு கேட்டபோது பருத்த பிள்ளையே இறுதியில் வைக்கப்பட்டது. ஏனையவை விதியின் விளைவெனவும் பருமன் மாத்திரம் தன் குற்றமெனவும் கருதப்படுவதே இதன் காரணமெனலாம். கேலிக்குள்ளாகும் பிள்ளை விளையாட்டை விட்டு ஒதுங்குகின்றது, தனிமையில், மறைவில் உண்கின்றது, மேலும் பருக்கின்றது. தாழ்வுணர்ச்சியும் மனச்சோர்வும் கல்வியிற் பின்னடைவும் இவ்வட்டத்தின் கண்ணிகள்.

தோட்டப் பிள்ளைக்கு இவ்வேளை இரட்டைச் சுமை. நகரப் பாடசாலையில் 'தோட்டக்காட்டான்' என்னும் வசையை ஏற்கனவே சுமப்பது அது. அதன்மேல் உடலும் வசைக்குரியதாகுமிடத்துத் தன் வறுமைக்காக ஒருமுறையும், அவ்வறுமையின் விளைவான உடலுக்காக மறுமுறையும் நாணவேண்டியதாகின்றது. பருவம் முந்திய பெண்பிள்ளைக்கோ, ஒரே காம்பராவில் முழுக்குடும்பமும் வாழும் லயத்தில் தன் உடலை ஒளிப்பதற்கும் இடமில்லை.

5. இலக்கியக்காரரின் பொறுப்பு

இவ்விடத்து நாம் நம்மையும் விமர்சித்துக்கொள்ளல் வேண்டும். முற்போக்கு எழுத்திலும் கருத்தோவியத்திலும் தொந்தி சுரண்டுவோனின் சின்னம்; எலும்பு உழைப்பாளியின் சின்னம். உணவு அரிதாயிருந்த சமூகத்தில் அச்சின்னம் உண்மையிலிருந்து பிறந்தது. ஆனால் மலிந்த சக்தியும் அரிதான ஊட்டமும் கொண்ட இன்றைய முதலாளித்துவத்தில், செல்வந்த நாடுகள் பலவற்றில் பருமன் வறியோரிடையே மிகுந்திருக்கின்றது. உடற்பயிற்சிக்கு நேரமும் நல்லுணவுக்குப் பணமும் உடையோனே மெலிந்த உடலைப் பேணவல்லவன். பழைய சின்னத்தை ஆராயாது கையாளுமிடத்து நாம் தாக்குவது முதலாளியையன்று, தொழிலாளியின் பிள்ளையையே. பதுளை மாவட்டத்திற் பிறந்த தெளிவத்தை ஜோசப் போன்றோர் தோட்ட மனிதரைச் சின்னங்களாகவன்றி மனிதராகவே எழுத வழிகாட்டினர். அவ்வழி உடலைப் பற்றிய எழுத்திற்கும் பொருந்தும்.

6. முடிவாக

பிள்ளை மடுவங்களிலும் பாடசாலைகளிலும் நிறையோடு உயரமும் ஒழுங்காக அளக்கப்படல் வேண்டும். நிறை மாத்திரம் கூடுவதை நலமெனக் கொள்ளலாகாது. குள்ளமான பிள்ளைக்கு வெறும் மாவையும் சீனியையும் ஊட்டி நிறையைக் கூட்டுவது ஒரு நோயை மறு நோயாக மாற்றுவதே. கருப்பிணியின் ஊட்டமும் ஓய்வும், மடுவத்தில் முட்டையும் பருப்பும் கீரையும், குடிக்கத் தூயநீர், பந்தெறிய ஒரு துண்டு சமநிலம், காய்கறி நட ஒரு துண்டு சொந்தநிலம், இவற்றை வாங்கப் போதிய சம்பளம் என்பனவே மருந்துகள். தாயைக் குறைகூறுவது எளிது. அவள் பறிக்கும் கொழுந்தின் எடையை நாள்தோறும் தவறாது நிறுத்துப் பார்க்கும் தோட்டம், அவள் பிள்ளையின் வளர்ச்சியையும் அதே கவனத்தோடு அளக்கட்டும் என்பதே நமது கோரிக்கை.