கிட்டங்கிப் பொறுப்பு

தலவில புனித அன்னம்மாள் தேவாலயத்தின் தோற்றத்தைக் குறித்து வழங்கும் கதைகளுள் ஒன்று, கடலிலே சரக்கை இழந்த ஒரு வணிகனைப் பற்றியது. கப்பல் உடைந்து கரையொதுங்கிய அவன், ஒரு மரத்தடியில் புனிதையின் திருவுருவை வைத்து, வாணிகம் தழைக்குமாயின் மீண்டும் வந்து அவ்விடத்திலே கோயில் எடுப்பதாக நேர்ந்துகொண்டானாம். கதையின் உண்மை எவ்வாறாயினும் அது பிறந்த இடம் பொருத்தமானதே. மேற்கே திறந்த கடல், கிழக்கே புத்தளம் களப்பு, இரண்டுக்கும் இடையே ஒடுங்கிய மணல் நிலம்: இதுவே கற்பிட்டிக் குடாநாடு. இங்கே சரக்கை ஏற்றுவதும் இறக்குவதும் அடுத்த பருவம்வரை கெடாமல் வைத்திருப்பதும் மிகப் பழைய தொழில்கள். 1344 ஆம் ஆண்டில் இக்கரையை அடைந்த இபுன் பதூதா, வெள்ளம் அடித்துவந்த கறுவா மரங்கள் கரையோரத்தில் மலைபோலக் குவிந்திருந்தன என்று எழுதிவைத்தார். அக்குவியலைக் கணக்கெடுத்தவன் எவன் என்பதை மட்டும் அவர் எழுதவில்லை.

குவியலைக் கணக்கெடுப்பவன் யாருடைய கண்ணிலும் படாதவன். வணிகனுக்குப் பெயர் உண்டு, மாலுமிக்குக் கதை உண்டு. கிட்டங்கியின் மேற்பார்வையாளனுக்கு இருப்பது ஒரு பேரேடு மாத்திரம். பேரேட்டிலுள்ள தொகையும் தரையிலுள்ள பொருளும் ஒன்றாயிருக்க வேண்டும் என்பது அவனுடைய கடமை. ஆனால் இவ்வுலகத்துப் பொருள்களுள் பல, வைத்த இடத்தில் வைத்தபடி இருப்பதில்லை. அவனுடைய தொழிலின் சங்கடம் முழுவதும் இங்கேதான் தொடங்குகிறது.

முதலில் உப்பை எடுத்துக்கொள்ளலாம். புத்தளத்து உப்பு நெடுங்காலம் மலைநாட்டு அரசுக்கு இன்றியமையாத பொருளாயிருந்தது. 1766 ஆம் ஆண்டு உடன்படிக்கையினால் இலங்கைக் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் வசமானபோது, கண்டி அரசனின் அடுக்களைக்குச் செல்லும் உப்பும் அவர்கள் கையில் அகப்பட்டது. பின்னர் ஆங்கிலேயர் உப்பை அரசாங்கத்தின் ஏகபோகமாக நடத்தினர். பாத்தியில் விளைந்தது அரசாங்கக் களஞ்சியத்துக்கே செல்லவேண்டும். அங்கிருந்து வரி சேர்ந்த விலையில் விற்கப்படும். ஆகவே உப்புக் குவியல் ஒவ்வொன்றும் பணக் குவியலாகவே கருதப்பட்டது. அதைக் காக்கும் உத்தியோகத்தர்களின் பாடும் அதற்கேற்பக் கடினமாயிருந்தது.

உப்பு தானாகவே குறையும். புதிதாக வாரிய உப்பில் மக்னீசியம் சார்ந்த கசப்புப் பொருள்கள் கலந்திருக்கும். அவை காற்றின் ஈரத்தை உறிஞ்சி நீராகிச் சொட்டி வடிந்துவிடும். அவ்வாறு சில மாதங்கள் வடிந்த பின்னரே உப்பு உண்ணத் தகுந்த சுவையைப் பெறுகிறது. எனவே நல்ல உப்பு வேண்டுமாயின் குவியல் இளைத்தே தீரவேண்டும். மழை பெய்தால் இன்னும் இளைக்கும். இதற்காகவே அம்பாரத்தைச் செங்குத்தாகச் சரித்து, தென்னோலைக் கிடுகினால் வேய்ந்தனர். பாத்தியிலிருந்து அம்பாரத்துக்கு, அம்பாரத்திலிருந்து படகுக்கு, களப்பையும் ஒல்லாந்தர் வெட்டிய வாய்க்கால்களையும் கடந்து கொழும்புக் கிட்டங்கிக்கு என்று கைமாறும் இடமெல்லாம் நிறுவை நடக்கும். நூறு அந்தர் ஏற்றிய இடத்தில் தொண்ணூற்றைந்து அந்தர் இறங்கினால், குறைந்த ஐந்தும் வடிந்ததா, கரைந்ததா, களவு போனதா? மூன்றும் பேரேட்டில் ஒரே எண்ணாகத்தான் தெரியும். வடிந்ததைக் களவென்று எழுதினால் ஏழைக் கூலியாள் தண்டனை பெறுவான். களவை வடிந்ததென்று எழுதினால் அடுத்த முறை பத்து அந்தர் வடியும். இவ்விரண்டையும் பிரித்தறிவதற்கு, எத்தனை மாதம் வைத்த உப்பு எவ்வளவு இளைக்கும் என்பதைப் பழக்கத்தினால் அறிந்திருக்கவேண்டும். நாற்காலியில் இருந்தபடி இதை அறிய முடியாது.

ஆங்கில எழுத்தாளர் லெனாட் வூல்ஃப் 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராய் இருந்தார். அவருடைய உத்தியோக நாட்குறிப்புகளில் இலக்கியத்தைவிட உப்பே அதிகம். மாடுகளைக் கொள்ளைநோய் வாரிக்கொண்டு சென்றபோது, வண்டியில்லாமல் உப்பை நகர்த்த இயலாத இக்கட்டு அவருக்கு நேர்ந்தது. போக்குவரத்து நின்றால் நிறைந்த களஞ்சியமும் வெறுங் களஞ்சியமே. புத்தளத்தைப் பொறுத்தவரை, 1926 இல் புகையிரதப் பாதை வந்து சேர்ந்தபின் வாய்க்காற் படகுகளின் காலம் மெல்ல மெல்ல முடிந்தது.

இன்று அதே குடாநாட்டில் வேறொரு குவியல் எழுந்திருக்கிறது. தலவிலக்குச் சில மைல் தெற்கே, கடலோரமாக, நுரைச்சோலை அனல் மின்நிலையம் இருக்கிறது. 1990களில் இத்திட்டம் முன்வைக்கப்பட்டபோது தலவிலத் திருத்தலம் அண்மையில் இருப்பதைக் காட்டிக் கத்தோலிக்கத் திருச்சபையினர் எதிர்த்தனர். மீனவரும் விவசாயிகளும் எதிர்த்தனர். வேலை பல ஆண்டுகள் தள்ளிப்போயிற்று. 2006 இல் மீண்டும் தொடங்கி, முதல் இயந்திரம் 2011 இலும், ஏனைய இரண்டும் 2014 அளவிலும் இயங்கின. ஒவ்வொன்றும் 300 மெகாவாற்று வலுவுடையது. மூன்றும் முழு வேகத்தில் எரியும்போது நாளொன்றுக்கு 7,000 தொன்னுக்கு மேற்பட்ட நிலக்கரி வேண்டும்.

இங்குதான் பழைய பருவக் கணக்கு மீண்டும் தலைகாட்டுகிறது. இக்கரையில் பெரிய கப்பல் அணையக்கூடிய துறைமுகம் இல்லை. ஏறக்குறைய 60,000 தொன் ஏற்றிய கப்பல் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். கப்பலின் வயிற்றிலிருந்து கரியை அள்ளித் தட்டையான பாரப்படகுகளில் இடுவர். இழுவைப்படகுகள் அவற்றை இறங்குதுறைக்கு இழுத்துவரும். அங்கிருந்து ஓடும் பட்டி கரியைக் களத்துக்குக் கொண்டுசேர்க்கும். கடல் அமைதியாயிருந்தால் மாத்திரமே இது நடக்கும். சோளகக் காற்று எழுந்துவிட்டால், அதாவது சித்திரை நடுப்பகுதியிலிருந்து புரட்டாதிவரை, படகும் கப்பலும் ஒன்றோடொன்று மோதும், வேலை நின்றுவிடும். ஆகவே ஐந்து மாதங்களுக்கு வேண்டியதை முன்கூட்டியே குவிக்கவேண்டும். 150 நாட்களும் முழு வேகத்தில் எரிப்பதாயின் பத்து இலட்சம் தொன்னுக்கு மேல் வேண்டும். அது பதினேழு கப்பற் சுமை. மழைக்காலத்தில் நீர்மின்சாரம் கைகொடுப்பதாலும், இயந்திரங்களை முறைவைத்துப் பழுதுபார்ப்பதாலும் தேவை சிறிது குறையும். ஆயினும் பங்குனியில் வரவேண்டிய ஒரு கப்பல் தவறினால் ஆவணியில் அதன் வலி தெரியும். 2022 இல் நாட்டில் அந்நியச் செலாவணி வற்றியபோது நிலக்கரிக் கப்பல்களைப் பற்றி நாடே கவலையோடு பேசியதன் காரணம் இதுவே.

களத்தின் மேற்பார்வையாளன் முன்னால் இப்போது மூன்று அளவைகள் நிற்கின்றன. கப்பல் எவ்வளவு தூரம் நீரில் அமிழ்ந்திருந்தது என்பதை முன்னும் நடுவும் பின்னுமாக இருபக்கமும் பார்த்து, இறக்குவதற்கு முன்னும் பின்னும் கணித்துப் பெறும் எடை ஒன்று. ஓடும் பட்டியிலுள்ள தராசு காட்டுவது இன்னொன்று. களத்திலுள்ள குவியலை நில அளவையாளர் அளந்து, கன அளவை அடர்த்தியால் பெருக்கிக் காண்பது மூன்றாவது. இவை மூன்றும் ஒத்துவரும் நாள் அருமை. தளர்வாகக் கொட்டிய கரி ஒரு கனமீற்றருக்கு 0.8 தொன் அளவில் இருக்கும். புல்டோசரால் மிதித்து அழுத்தியபின் அது ஒரு தொன்னை அணுகும். ஆறு இலட்சம் தொன் குவியலில் அடர்த்தியை நூற்றுக்கு ஐந்து பிழையாகக் கொண்டால், 30,000 தொன் ஏட்டில் தோன்றும், அல்லது மறையும். அரைக் கப்பற் சுமையை ஒரு பேனா முனை விழுங்கிவிடும் என்று பொருள். மழையோ உப்புக்குச் செய்ததற்கு எதிரானதைக் கரிக்குச் செய்கிறது. உப்பு நனைந்தால் எடை குறையும்; கரி நனைந்தால் எடை கூடும், வெப்பம் குறையும். நிறை கூடியிருக்கிறதே என்று மகிழும் பொறுப்பாளன் தண்ணீரை எண்ணிக்கொண்டிருக்கிறான்.

இத்தனையும் கணக்குப் புத்தகத்துச் சங்கடங்கள். கரிக்கு இன்னொரு குணம் உண்டு: அது தானே சூடேறும். காற்றிலுள்ள ஒட்சிசன் கரியோடு மெதுவாகச் சேரும்போது வெப்பம் பிறக்கிறது. தளர்வான குவியலில் காற்று உள்ளே புகும். வெப்பமோ வெளியேறாது. சில வாரங்களில் அதிகாலை வேளையில் குவியலின் ஒரு பக்கத்திலிருந்து ஆவி எழும், எண்ணெய் கருகுவது போன்ற வாடை வரும். அனுபவமுள்ளவர் அந்த இடத்தில் அவசரப்பட்டுச் சிறிது நீரை ஊற்றிவிட்டுப் போகமாட்டார். அது சூட்டைக் கிளறிவிடக்கூடும். சூடான பகுதியைத் தோண்டி எடுத்து, பரப்பி ஆறவைத்து, மீண்டும் அழுத்துவர். வராமற் காப்பதற்கு வழி இரண்டே. கொட்டும்போதே அடுக்கடுக்காக மிதித்து அழுத்துவது ஒன்று. முதலில் வந்ததை முதலில் எரிப்பது மற்றது. இரண்டாவது சொல்வதற்கு எளிது. பட்டிக்கு அருகில் புதிய கரி கிடக்கும்போது, இரவு முறை வேலையாட்கள் தூரத்துப் பழைய குவியலுக்குச் செல்ல விரும்புவதில்லை. அங்கே சென்று நிற்பதுதான் மேற்பார்வை.

இனி அயலாரைப் பற்றியது. கப்பல்கள் வந்து முடியும் சித்திரையில் குவியல் மிக உயரமாயிருக்கும். சோளகமும் அப்போதே எழுகிறது. அக்காற்று கடலிலிருந்து கரைக்கு வீசுவது. ஆகவே ஆண்டின் மிகப் பெரிய குவியல்மீது ஆண்டின் மிகப் பலத்த காற்று அடித்து, தூசியை ஊர்ப்பக்கமாகவே கொண்டுசெல்கிறது. அங்கே மணலில் கிணறு தோண்டி வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் பயிரிடும் குடிகள் இருக்கின்றனர். இலையிலும் முற்றத்திலும் உலர்த்திய துணியிலும் கறுப்புப் படிகிறதென்று அவர்கள் முறையிட்டு வந்துள்ளனர். களத்தையொட்டி உயர்ந்த காற்றுத் தடுப்பு எழுப்பப்பட்டது. நீர் தெளிப்பதும் உண்டு. ஆனால் தெளித்த நீர் கொதிகலனுக்கு விரோதம். ஈரக் கரி குழாய்களில் ஒட்டி அடைக்கும், அதை உலர்த்துவதற்கே வெப்பம் செலவாகும். கொதிகலன் பக்கத்திலிருந்து, நீரைக் குறை என்று சொல்வார்கள். வேலிக்கு அப்பாலிருந்து, நீரைக் கூட்டு என்று சொல்வார்கள். முன்னவரின் சொல் தொலைபேசியில் உடனே வந்துசேரும். பின்னவரின் சொல் விண்ணப்பமாக எழுதப்பட்டு, பல மேசைகளைக் கடந்து, காற்று ஓய்ந்த பிறகே வரும்.

உப்புக் காலத்தில் மேற்பார்வையாளனின் பிழை திறைசேரிக்கு நட்டமாயிற்று, அல்லது ஒரு கூலியாளின் கூலியைத் தின்றது. இப்போது அவன் பேரேட்டில் இடமில்லாத ஒருவனின் வெங்காயப் பாத்தியில் அது விழுகிறது. நிறை, அடர்த்தி, ஈரம், வெப்பம் ஆகியவற்றுக்கு நிரல்கள் உண்டு. காற்று எத்திசையிலிருந்து எத்துணை வேகமாக அடித்தது, அன்று எந்தப் பக்கத்துக் குவியல் திறந்திருந்தது என்பதற்கும் ஒரு நிரல் இருக்குமாயின், விண்ணப்பம் வந்துசேருமுன்னரே அவனுக்கு விடை தெரிந்திருக்கும். அதற்குப் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. ஒரு காற்றுமானியும், அதை நாள்தோறும் பார்த்து எழுதும் ஒருவனும் போதும்.

ஆடி இறுதியிலும் ஆவணித் தொடக்கத்திலும் தலவிலத் திருவிழாவுக்காக இலட்சக் கணக்கானோர் பாலாவிச் சந்தியில் திரும்பிக் கற்பிட்டி வீதியில் செல்கின்றனர். அப்போது சோளகம் ஓய்ந்திராது. களத்துக் குவியல் பாதிக்குமேல் கரைந்திருக்கும். புரட்டாதியில் கடல் தணிந்ததும் பருவத்தின் முதற் கப்பல் அடிவானத்தில் தோன்றும். அதற்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்று எஞ்சியிருக்கும். புதிய கரி மேலே விழுந்து மறைப்பதற்குள், தரையில் மிஞ்சிய பழையதை மணல் வேறு கரி வேறாகப் பிரித்து அளந்துவிடவேண்டும். அந்த ஓரிரு நாட்களில் எடுத்த அளவைக் கொண்டே கடந்த ஆண்டின் பேரேடு மூடப்படுகிறது.